வீட்டில் யாருக்கும் இல்லை

நல்லமுத்து ஓட்டும் தொழிற்சாலை பஸ்ஸில், ஓட்டுநர் இருக்கையின் சாய்மானத்தில் ஒரு மஞ்சள் துண்டு நான்காய் மடிந்து தொங்கும். ஏறி இறங்கும் பெண்கள் அது வேர்வைக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியிலிருந்து காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங் என்று ஆட்களை அள்ளிக்கொண்டு, ஆறே முக்காலுக்குள் பாயான் லெப்பாஸ் ஆலை வாசலில் கொட்டிவிட வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரமும் ஒவ்வொரு வளைவிலும் இருக்கை அவர் முதுகில் ஐந்து இடங்களில் அழுத்தும். துண்டு அதற்குத்தான்.

ஐந்தும் கொழுப்புக் கட்டிகள். பெரியது எலுமிச்சம்பழம் அளவு, சின்னது புளியங்கொட்டை. விரல் வைத்தால் தோலுக்கு அடியில் நழுவி ஓடும். சும்மா இருந்தால் வலியும் கிடையாது, தொந்தரவும் கிடையாது. ஆலை வாசல் கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது, இன்னொரு பஸ் ஓட்டுகிற ஹைதர் கேலி செய்வான்.

"ஒங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி லா அண்ணே. முன்னால வைக்க எடமில்லாம பின்னால கொண்டுபோயி வச்சிருக்கீங்க."

நல்லமுத்துவும் சிரிப்பார். வீட்டில் அந்தச் சிரிப்புக்கு இடமில்லை. அவருடைய மனைவி சந்திரிகா, அந்த ஐந்து கட்டிகளும் தன்னால் வந்தவை என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் மகள் துளசிக்கு டிங்கிக் காய்ச்சல். பதினாறு வயதுப் பிள்ளை, ரத்தத்தில் அணுக்கள் இறங்கி, மூன்று நாள் கண் திறக்கவில்லை. சந்திரிகா ஆஸ்பத்திரி நடையில் நின்றபடி தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டாள்: பிள்ளை பிழைத்தால் அவள் அப்பா மூன்று வருடம் முதுகில் அலகு குத்திக் காவடி எடுப்பார். முதுகு யாருடையது, கேட்டுக்கொண்டு வேண்டலாமே என்றெல்லாம் அப்போது யோசிக்க முடியுமா? பிள்ளை பிழைத்தாள். நல்லமுத்து இரண்டு வருடம் மனமாரக் காவடி எடுத்தார். மூன்றாம் வருடம் நோய்த்தொற்று வந்து ஊரையே பூட்டிவிட்டது. காவடி கிடையாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அந்த வருடக் கடைசியில்தான் அவர் முதுகில், கொக்கி மாட்டிய இடங்களில், ஒன்று ஒன்றாகப் புடைக்கத் தொடங்கின.

பிறகு காவடிக்கு அனுமதி கிடைத்த வருடம், அலகு குத்துகிற புவனேஸ்வரன் அவர் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"இதுல குத்த மாட்டேன் அண்ணே. எந்த எடத்துல தோலைப் புடிச்சாலும் உள்ள ஒண்ணு உருளுது. டாக்டரைப் பாருங்க."

அன்றைக்கு சந்திரிகாவின் முகம் செத்துப்போயிற்று. மூன்றாம் வருடக் கடனை முருகன் முதுகில் எழுதிவிட்டான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அந்தக் கட்டிகளை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று அவள் படாத பாடில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றை அறுத்தெடுத்தார்கள். சோதித்துப் பார்த்து, வெறும் கொழுப்புதான், பயமில்லை என்றார்கள். ஒன்றரை வருடத்தில் தையல் தழும்புக்குப் பக்கத்திலேயே வேறு இரண்டு முளைத்தன. பிறகு யாரோ சொன்னார்கள் என்று ஓர் அழகு நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கொழுப்பைக் கரைக்கிற ஊசி என்றார்கள். கரைந்தது தோல்தான். இரண்டு மாதம் அவர் குப்புறப் படுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே அழுதாள்.

அது அவள் செய்த வினை அல்ல என்று நல்லமுத்துவுக்குத் தெரியும். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டால், கோலி விளையாடுகிற வயதிலிருந்து.

தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அவருடைய அப்பா, என்ன வெயிலானாலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். கொசுவுக்கு என்பார். குளிக்கும்போது மட்டும் பிள்ளைகளுக்கு அந்தக் கைகள் கிடைக்கும். முழங்கையிலிருந்து தோள் வரைக்கும் உருண்டை உருண்டையாக இருக்கும். நல்லமுத்து அவற்றைக் கோலிபோல உருட்டி விளையாடியிருக்கிறார். கல்யாண வயதில் அவருக்கே இடுப்பில் ஒன்று வந்துவிட்டது. அதற்குள் அப்பா இறந்து இரண்டு வருடம். சந்திரிகாவைப் பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய தாய்மாமா நேராகவே கேட்டார்: "வம்சத்துல சீக்கு சொகமில்லாதது ஏதும் உண்டுங்களா?" நல்லமுத்துவின் அம்மா பதில் சொல்லச் சுணங்கவில்லை. "எங்க வீட்டுல தலவலின்னுகூட யாரும் படுத்ததில்லீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா மகனின் காதருகே சொன்னாள்: "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? ஒனக்குப் பின்னால தங்கச்சி நிக்கிறா. ஜெயலெட்சுமிக்கு ஒரு எடம் அமையற வரைக்கும் வாயத் தொறக்காத."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சட்டைக்குள் மறைக்கலாம். இடுப்புக் கட்டியைப் பற்றி சந்திரிகா கேட்டபோது, பந்து விளையாடி அடிபட்டது என்றார். ஜெயலெட்சுமிக்குக் கல்யாணமாகி, அவள் பேரப்பிள்ளையும் எடுத்துவிட்டாள். நல்லமுத்து இன்னும் வாயைத் திறக்கவில்லை.

*

தைப்பூசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது சந்திரிகா அவரை அரசாங்க கிளினிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் இஸ்ஸதி, சின்ன வயசுப் பெண். சந்திரிகாவின் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதிக்கும் அவர்தான் பார்க்கிறார். நல்லமுத்துவைக் குப்புறப் படுக்கவைத்து, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஊசி வெந்த தழும்பைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. டாக்டர் இல்லாத கடையில் போய் முதுகைக் கொடுப்பீர்களா என்று மலாயில் திட்டிவிட்டு, பிறகு பொறுமையாகச் சொன்னார்.

சும்மா விட்டுவிடலாம், அதுவும் ஒரு வைத்தியம்தான். திடீரென்று பெருத்தாலோ, கல்லாய் இறுகினாலோ, வலித்தாலோ மட்டும் ஓடி வரவேண்டும். தொந்தரவு தருவதை மட்டும் பையோடு அறுத்தெடுக்கலாம். அதே இடத்தில் திரும்ப வருவது குறைவு, ஆனால் இந்த மாதிரி உடம்பில் பக்கத்தில் புதிதாக முளைப்பதை யாரும் தடுக்க முடியாது. சின்ன ஓட்டை போட்டு உறிஞ்சியும் எடுக்கலாம். தழும்பு சின்னது, மிச்சம் மீதி இருந்தால் மறுபடி வளரும். பஸ் இருக்கையில் இடிக்கிற பெரியதை எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருகிறேன், மற்ற நாலையும் மறந்துவிடுங்கள்.

சந்திரிகாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவள் கேட்க வந்தது வேறு.

"டாக்டர், அலகு குத்துன எடத்துல இப்படி வருமா?"

மலாயில்தான் கேட்டாள். டாக்டர் யோசித்தார். அடிபட்ட இடத்தில் வரலாம் என்று சிலர் சொல்கிறார்கள், நிச்சயமாகத் தெரியாது. ஆனால் இப்படிப் பல கட்டிகள் வந்தால் பெரும்பாலும் அது பரம்பரை. அவர் நல்லமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"கெலுவார்கா அடா? வீட்டில் யாருக்காவது இருந்ததா? அப்பாவுக்கு?"

இது நான்காவது டாக்டர். நான்கு பேரும் இதே கேள்வியைக் கேட்டார்கள், நான்கு முறையும் சந்திரிகா பக்கத்தில் இருந்தாள். உண்டு என்ற சொல் நல்லமுத்துவின் நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை வருடம் இல்லை என்று சொல்லிவிட்டு இன்றைக்கு உண்டு என்றால், ஊசி வெந்த முதுகுக்கு அவள் அழுத அழுகைக்கெல்லாம் யார் பதில் சொல்வது? ஒரு பொய் தனியாக இருந்தால் இறக்கி வைத்துவிடலாம். இது குட்டி போட்டுவிட்டது.

"தா அடா," என்றார். இல்லை.

வெளியே மோட்டார் சைக்கிளில் ஏறும்போது சந்திரிகா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பாத்தீங்களா, டாக்டரே சொல்லிட்டாங்க."

"நிச்சயமாத் தெரியாதுன்னுதானே சொன்னாங்க."

"வீட்டுல யாருக்கும் இல்லேன்னா வேற எப்படி வந்துச்சு? நான் வாயி விட்டு வேண்டுனது, ஒங்க முதுகுல வெளஞ்சிருக்கு. நீங்க எடுக்க முடியாத மூணாவது வருசத்த நான் எடுக்கறேன். பால்குடம்."

"ஒனக்கு இனிப்பு நீரு. வெறுங்கால்ல அம்புட்டுத் தூரம்..."

"என் காலுக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்கு இப்பல்லாம் சூடே தெரியறதில்ல."

அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். நல்லமுத்து வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

*

விரதம் தொடங்கியது. சந்திரிகாவுக்குப் பள்ளிக்கூட கேன்டீனில் வேலை. நூற்றைம்பது பிள்ளைகளுக்கு மீ கோரெங் பிரட்டி, நெத்திலி சம்பல் கிண்டி, அந்த வாசத்திலேயே நின்றுவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து குளித்து, ஒரு வேளை மட்டும் சோறும் ரசமும் சாப்பிட்டாள். தரையில் பாய் விரித்துப் படுத்தாள். சாப்பாட்டுக்கு முன் போடவேண்டிய மாத்திரையை எப்போது போடுவது என்று அவளுக்கே குழம்பிப்போனது. ஒரு நாள் அடுப்படியில் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நல்லமுத்து ஓடிப்போய்ச் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். அந்த டம்ளரை அவள் இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அவள் தெளியட்டும் என்று விட்டார். தெளிந்த பிறகு அவளுக்குக் கேன்டீனுக்காக வெங்காயம் உரிக்க வேண்டியிருந்தது, இவரும் உட்கார்ந்து கூடவே உரித்தார்.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, துளசி அடுக்குமாடி நடையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது இருபத்து மூன்று. பாயான் லெப்பாஸ் ஆலையில் டெக்னீசியன். சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு நல்ல இடம் பேசி வந்திருந்தது, அடுத்த மாதம் பார்க்க வருகிறார்கள். அவள் அப்பாவைக் கூப்பிட்டு, சட்டைக் கையை மேலே ஏற்றினாள்.

"அப்பா, இங்க தொட்டுப் பாருங்க."

முழங்கைக்கு மேலே பட்டாணி அளவில் ஒன்று இருந்தது. விரல் பட்டதும் நழுவியது. நல்லமுத்துவுக்குத் தன் அப்பாவின் கை ஞாபகம் வந்தது, சோப்பு நுரையோடு.

"எப்பலேருந்து?"

"தீபாவளிக்கு முன்னாலேருந்து. படிச்சுப் பாத்தேன் லா, பரம்பரையா வருமாம். தாத்தாவுக்கு இருந்துச்சாப்பா? எல்லாப் போட்டோவுலயும் முழுக்கைச் சட்டையாவே இருக்காரு."

கிளிப்பு மாட்டிய துணி காற்றில் அடித்துக்கொண்டது. மகளிடம் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். துளசி கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் கத்தியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்பா, அம்மா தரையில படுத்துக் கெடக்கறாங்க."

"தெரியும்மா."

"நீங்க சொல்லுங்க. நான் சொல்லல. என் கையிலயும் இருக்குன்னு மொதல்ல தெரிஞ்சா, இதுவும் அவங்க வேண்டுதல் பாக்கியாலதான் வந்துச்சுன்னு சேத்துக்குவாங்க. மொதல்ல தாத்தாவச் சொல்லுங்க. அப்புறம் என்னச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"எப்போ?"

"தைப்பூசத்துக்குள்ள."

பத்து நாள் என்பது நீளமான காலம்தான். பேசத் துணிச்சல் இருப்பவனுக்கு.

*

தைப்பூசத்தன்று காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. மஞ்சள் சேலை, கழுத்தில் மாலை, தலையில் பால்குடம். சந்திரிகா முன்னால் நடந்தாள். நல்லமுத்து அவளுடைய செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் வேகவைத்த கடலையும் கொடுத்தார்கள். முதல் நாள் ரதத்துக்கு உடைத்த தேங்காய்களை வண்டி வைத்து வாரியிருந்தார்கள் என்றாலும், சாலையோரத்தில் ஓட்டுச் சில்லுகள் கிடந்தன. துளசி ஆலையில் லீவு கிடைக்காமல் வேலைக்குப் போயிருந்தாள். கிளம்பும்போது அப்பாவைப் பார்த்தாள், அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"செருப்பப் போட்டுக்க சந்திரிகா. அடிவாரம் வரைக்குமாச்சும்."

"சும்மா வாங்க."

அடிவாரம் தாண்டி மலைப்படி ஏறத் தொடங்கினார்கள். ஐந்நூறுக்கு மேல் படிகள். நூறு படி ஏறியிருப்பார்கள். படியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. குங்குமம் கொட்டியிருக்கிறது என்று நல்லமுத்து நினைத்தார். அடுத்த படியிலும் இருந்தது. ஒரு படி விட்டு ஒரு படி, அவள் கால் வைத்த இடத்தில் எல்லாம் இருந்தது.

"சந்திரிகா, நில்லு. கால்ல ரத்தம்."

"எந்தக் கால்ல?" என்றாள் அவள்.

நல்லமுத்து குனிந்து அவள் இடது காலைத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே தேங்காய் ஓட்டுச் சில்லு ஒன்று குத்தி உள்ளே போய் நின்றது. எங்கே குத்தியதோ, எத்தனை தூரம் அதன்மேல் நடந்தாளோ.

"ஒண்ணுமே தெரியலியே," என்றாள். "முருகன் தாங்கிக்கிட்டான். விடுங்க, ஏறலாம்."

"முருகன் இல்ல. இனிப்பு நீரு. கால் செத்துப்போயிருக்கு." அவர் நிமிர்ந்தார். "நீ ஏற வேணாம். இது ஒன்னால வந்ததில்ல, சந்திரிகா. எங்கப்பாவுக்கு இருந்துச்சு. ரெண்டு கையிலயும்."

இரண்டு பக்கமும் கூட்டம் வேல் வேல் என்று ஏறிக்கொண்டிருந்தது. சந்திரிகா குடத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.

"எப்போலேருந்து தெரியும்?"

"சின்னப் புள்ளையிலேருந்து."

"பொண்ணு பாக்க வந்தப்போ?"

"தெரியும்."

"டாக்டர் கேட்டப்போ?"

"தெரியும்."

"ஊசி போட்டு முதுகு வெந்து கெடந்தீங்களே. நான்தான் ஒங்கள இந்தக் கதிக்கு ஆளாக்கிட்டேன்னு ரெண்டு மாசம் அழுதேனே. கேட்டுக்கிட்டுத்தானே படுத்திருந்தீங்க?"

  நல்லமுத்து அழுதார். பக்திப் பரவசம் என்று நினைத்து ஒரு சீனக் கிழவர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சந்திரிகா குடத்தைத் தலையிலிருந்து இறக்கினாள். ஒரு சொட்டுச் சிந்தாமல் அவர் தலையில் வைத்தாள்.

"புடிங்க. என் கடன் இல்லேன்னா ஒங்க கடன்தானே. ஏறுங்க."

"ஒன் காலு..."

"உக்காந்திருக்கேன். ஏறுங்கன்னேன்."

அவள் படியோரத்தில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த பையை வாங்கிச் செருப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மிச்சப் படிகளை அவர் தனியாக ஏறினார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, பின்னால் வந்தவர்களுக்கு ஐந்து கட்டிகளும் தெரிந்திருக்கும். மறைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

*

எட்டு நாளாக சந்திரிகா அவரிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. சோறு வேணுமா, மாத்திரை எங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பதோடு சரி. காயம் ஆழம். ஒருநாள் விட்டு ஒருநாள் கிளினிக்கில் கழுவிக் கட்டுப் போட்டார்கள். கேன்டீனில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். காலில் காயம் ஆறும்வரை நிற்கவே கூடாது, விரலைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன் என்று டாக்டர் இஸ்ஸதி சொன்னார். "நினைக்கிறேன்" என்ற சொல்லை நல்லமுத்து பஸ் ஓட்டும்போதெல்லாம் மென்றுகொண்டிருந்தார். துளசியின் கட்டியைப் பற்றி அவர் இன்னும் சொல்லவில்லை. அவள் இருக்கிற நிலையில் அதையும் எப்படித் தலையில் போடுவது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். பழகிய நாக்கு சும்மா இருக்குமா?

ஒன்பதாம் நாள், மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடுகிற நர்ஸ் காலுக்குக் கட்டுப் போட்டு முடித்ததும், டாக்டர் ஒரு தாளை எடுத்தார். நல்லமுத்துவின் பெரிய கட்டியை எடுக்க ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்திருக்கிறதாம். அவர்கள் அனுப்பிய படிவத்தில் சில கேள்விகள் இருந்தன. மருந்து ஒவ்வாமை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசிக் கேள்விக்கு நிமிராமலே பழைய பதிலை எழுதப் போனார்.

"கெலுவார்கா, தா அடா, கான்? வீட்டில் யாருக்கும் இல்லைதானே?"

சந்திரிகா சுவரில் ஒட்டியிருந்த பல் துலக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடா," என்றார் நல்லமுத்து. உண்டு.

டாக்டரின் பேனா நின்றது. யாருக்கு என்று கேட்டார்.

"அப்பாவுக்கு."

வேறு யாருக்காவது?

நல்லமுத்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். இதை விட்டால் அடுத்த பத்து நாள், அடுத்த பத்து வருடம் என்று போய்க்கொண்டே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது.

"மகளுக்கு. கையில ஒண்ணு."

சந்திரிகா திரும்பினாள். எட்டு நாளில் முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"துளசிக்கா?"

"ம்."

"அவளுக்குத் தெரியுமா?"

"அவதான் காட்டுனா. ஒங்கிட்ட நான் சொல்லணும்னு சொன்னா. நான் சொல்லல."

அவள் திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் அவர் பக்கம் சாய்ந்து, டாக்டருக்குப் புரியாத தமிழில், அடிக்குரலில் சொன்னாள்.

"அத எழுத வேணாம்னு சொல்லுங்க. அடுத்த மாசம் சுங்கை பட்டாணிலேருந்து பொண்ணு பாக்க வர்றாங்க. எங்கயாச்சும் வெளிய தெரிஞ்சா..."

சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.  நல்லமுத்துவின் கண் அவளுடைய இடது காலில் இருந்தது. நாற்காலியில் தூக்கி வைத்த அந்தக் கால், வெள்ளைக் கட்டோடு, வலிக்காமல் கிடந்தது. அவளும் அதைப் பார்த்தாள். மிஸ்ஸி சாமான்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போகும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

டாக்டர், எழுதவா வேண்டாமா என்று கேட்டார்.

"துலிஸ், டாக்டர்," என்றாள் சந்திரிகா. எழுதுங்கள். மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். இவருடைய அப்பா, இவர், மகள்.

டாக்டர் எழுதினார். சந்திரிகா தன் கைப்பையைத் துழாவிப் போனை எடுத்து நல்லமுத்துவிடம் நீட்டினாள்.

"சுங்கை பட்டாணிக்காரங்க நம்பர எடுத்துக் குடுங்க. நான் பேசறேன். ஒங்க வாய நம்பி என் புள்ளைய விட முடியாது."